வாயில்லா ஜீவனும் வலுக்கட்டாய வைத்தியமும்

பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நிகழும் ஒரு சிறு போராட்டத்தை முன்வைத்து, அறநெறியின் பெரியதொரு கேள்வியை எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பூனையின் உடலில் தெள்ளுப்பூச்சி பெருகிவிடுகிறது. இரவென்றும் பகலென்றும் பாராமல் அது சொறிகிறது; திடுமெனத் திரும்பித் தன் முதுகைத் தானே கடிக்கிறது; வாலின் அடிப்புறத்தில் உரோமம் உதிர்ந்து புண் காண்கிறது. வீட்டார் மருந்து வாங்கி வருகின்றனர். எதையும் அறியாதது போல் படுத்திருந்த பூனை, மருந்துடன் வரும் கையைக் கண்டதும் கட்டிலின் அடியில் புகுந்துகொள்கிறது. வெளியே இழுத்தால் சீறுகிறது, நகத்தைப் பாய்ச்சுகிறது, உடலை வில்லாய் வளைத்துத் திமிறுகிறது. ஒருவர் அமுக்கிப் பிடிக்க, மற்றொருவர் அதன் பிடரியில் மருந்தை இடுகிறார். விட்டதும் ஓடி மறைந்த பூனை, நெடுநேரம் நம்மை நெருங்குவதேயில்லை.

நம்மை நம்பி நம் மடியில் உறங்கும் ஓர் உயிர், தனக்குத் தெரிந்த எல்லா வகையிலும் ‘வேண்டாம்’ என்கிறது. நாமோ நம் உடல் வலிமையால் அதை அடக்கி, நமக்கு நல்லதென்று பட்டதைச் செய்து முடிக்கிறோம். இது அன்பா, அதிகாரமா? அன்புதான் என்றால், அன்பின் பெயரால் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம்? எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்?

உலகில் இத்தனை துயரங்கள் இருக்க, பூனைக்கு மருந்திடுவது ஒரு பொருளா என்று சிலர் கேட்கக்கூடும். கொசுவின் இரத்தம் பற்றி மார்க்க விளக்கம் கேட்டு வந்த ஈராக்வாசி ஒருவரைக் கண்டு ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் வியந்த செய்தி புகாரியில் உள்ளது. பெருமானாரின் பேரரையே கொன்றுவிட்ட கூட்டத்தார் கொசுவின் இரத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்களே என்பது அவர்களுடைய வியப்பு. அவர்கள் கடிந்தது சிறிய கேள்வியை அன்று. பெரிய பாவத்தைச் செய்துவிட்டுச் சிறிய கேள்வியின் பின்னே ஒளிந்துகொள்வதைத்தான். எளியதொரு பிராணியிடம் நம் வலிமையை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்று ஆராய்வது, எளிய மனிதரிடம் அதை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்ற பெரிய கேள்விக்குள் நம்மை இட்டுச்செல்லும். அதனால் இது சிறிய பொருள் அன்று.

பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

முஸ்லிம் இல்லங்களில் பூனைக்கு ஒரு தனியுரிமை உண்டு. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிக்க வந்தது. அது வசதியாகக் குடிக்கட்டும் என்று பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, அது உங்களிடையே சுற்றித் திரிபவற்றுள் ஒன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியுள்ளதை எடுத்துரைத்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவான செய்தி இது. நபிமொழிகளை மிகுதியாக அறிவித்த ஸஹாபி ஒருவர், ‘பூனைக்குட்டிக்காரர்’ என்ற பொருள்பட அபூஹுரைரா என்றே வரலாற்றில் நிலைத்துவிட்டதையும் நாம் அறிவோம்.

பூனையைக் கட்டிவைத்த பெண் தண்டனைக்கு ஆளான நபிமொழியும் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை ஊன்றிப் பார்த்தால், அப்பெண்ணின் குற்றம் இரண்டு பகுதிகளாகச் சொல்லப்பட்டிருப்பது விளங்கும். அவள் அதற்கு உணவளிக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தின்று பிழைக்க அதை விட்டுவிடவும் இல்லை. பிடித்து வைத்தவருக்கே பொறுப்பு வருகிறது என்பது இதன் உட்பொருள். ஓர் உயிர் தன் தேவையைத் தானே தேடிக்கொள்ளும் வழியை நாம் அடைத்துவிட்டால், அந்தத் தேவை முழுவதும் நம் தலைமேல் அமானிதமாக ஏறிவிடுகிறது.

ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஜ்ஜுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், பிராணிகளுக்கு மனிதன் ஆற்ற வேண்டிய கடமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் பராமரிப்புச் செலவு செய்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயன் கருதாத இந்தக் கடமையைத்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

வஹீயின் வழியில் அன்றி, அறிவின் வழியில் சென்றாலும் இம்முடிவையே அடைகிறோம். 1185இல் மறைந்த ஸ்பெயின் நாட்டுத் தத்துவ ஞானி இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ளான்’ என்னும் கதையில், மனித வாடையே இல்லாத தீவில் மானின் பாலுண்டு வளர்கிறான் ஒருவன். அவனுக்கு ஏடில்லை, ஆசிரியரில்லை. சிந்தித்துச் சிந்தித்தே அவன் தன் கடமைகளைக் கண்டறிகிறான். முள் தைத்த விலங்கையோ, கண்ணிலும் காதிலும் ஏதேனும் விழுந்து வருந்தும் விலங்கையோ கண்டால், அத்துன்பத்தை நீக்குவது தன்மேல் கடமை என்று அவன் விதித்துக்கொள்கிறான். முள் தைத்த விலங்கு, முள்ளை எடுக்க வரும் கையை வரவேற்றா நிற்கும்? துடிக்கும், உதைக்கும். துன்பத்தை நீக்கும் கை சில சமயம் துன்பம் தரும் கையாகவே தோன்றும் என்பது அந்தக் கடமைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

தெள்ளு என்னும் விருந்தாளி

எதிரியின் இயல்பை அறியாமல் நியாயம் பேச முடியாது. தெள்ளுக்குச் சிறகில்லை. பக்கவாட்டில் தட்டையான உடல். உரோமத்தினிடையே வழுக்கிச் செல்வதற்கென்றே அமைந்தது. வளர்ந்த தெள்ளு பூனையின் இரத்தத்தைக் குடித்து வாழ்கிறது. பெண் தெள்ளு ஒரு நாளில் 40 முதல் 50 முட்டைகள் வரை இடக்கூடும். அம்முட்டைகள் பூனையின் மேல் தங்குவதில்லை. அது படுக்கும் பாயிலும் ஜமுக்காளத்திலும் தரையின் இடுக்குகளிலும் உதிர்ந்துவிடுகின்றன. பொரிந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இருளில் ஒதுங்கி, தாய்த் தெள்ளுகளின் எச்சமாகிய உலர்ந்த இரத்தத்தைத் தின்று வளர்கிறது. பின்னர்க் கூடு கட்டிக்கொண்டு வாரக்கணக்கிலும், சில வேளை மாதக்கணக்கிலும் காத்திருக்கிறது. ஓர் உயிர் அருகில் வரும் அதிர்வும் வெப்பமும் மூச்சுக் காற்றும் உணர்ந்தவுடன் வெளிப்பட்டுத் தாவுகிறது. ஆகவே பூனையின் மேல் நாம் காண்பது மொத்தத்தில் சிறு பகுதிதான். பெரும் பகுதி நம் வீட்டில் இருக்கிறது.

விளைவு அரிப்போடு நின்றுவிடுவதும் இல்லை. தெள்ளின் எச்சில் ஒவ்வாத பூனைக்கு ஒரு கடியே உடல் முழுதும் புண்ணாக்கப் போதும். உடலை நக்கும்போது தெள்ளை விழுங்குவதால் நாடாப்புழு வயிற்றில் சேர்கிறது. மிக இளங்குட்டிகளின் உடலில் தெள்ளு பெருத்துவிட்டால், இரத்தம் குன்றி உயிரே போய்விடும். மருந்து வேண்டுமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் விடை தேவையில்லை.

தெள்ளும் அல்லாஹ்வின் படைப்புத்தானே, அதைக் கொல்லலாமா என்று மென்மையான உள்ளம் படைத்தோர் கேட்பதுண்டு. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் ஜாஹிழ் தம் விலங்கு நூலிலும், ஹிஜ்ரி 808இல் மறைந்த எகிப்தின் தமீரீ தம் அகராதியிலும், யானைக்கும் ஒட்டகத்துக்கும் இடம் தந்ததுபோல் தெள்ளுக்கும் இடம் தந்திருக்கின்றனர். பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அருள்மறையின் 6:38ஆம் வசனம் நமக்கு நினைவூட்டுகிறது. தம்மைக் கடித்த ஓர் எறும்புக்காக எறும்புப் புற்று முழுவதையும் எரித்துவிட்ட முற்கால நபி ஒருவரை இறைவன் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அங்கே கண்டிக்கப்பட்டது அளவு மீறிய பழிவாங்கல். நெருப்பால் வேதனை செய்வது நெருப்பைப் படைத்தவனுக்கே உரியது என்பதும் நபிகளாரின் போதனை. துன்பத்தை நீக்குவது வேறு; கோபத்தைத் தணித்துக்கொள்வது வேறு. தெள்ளை ஒழிக்கும்போது நாம் செய்ய வேண்டியது முதலாவது மட்டுமே. தெள்ளின் இரத்தம் ஆடையில் பட்டிருந்தால் தொழுகைக்கு அது மன்னிக்கப்பட்டது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுவதிலிருந்து, இப்பூச்சியோடு மனிதகுலம் எவ்வளவு காலமாக மல்லுக்கட்டி வருகிறது என்பதும் புலனாகிறது.

மறுப்பு என்பது என்ன?

இனி நம் கேள்வியின் மையத்துக்கு வருவோம். விருப்பமில்லாதவருக்கு மருந்து புகட்டிய நிகழ்ச்சி ஒன்று பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போதே நடந்திருக்கிறது. நோயின் கடுமையில் அவர்கள் இருந்தபோது, வீட்டார் வாயின் ஓரத்தில் மருந்து ஊற்ற முற்பட்டனர். வேண்டாம் என்று பெருமானார் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின்மேல் இயல்பாகவே வரும் வெறுப்புத்தான் இது என்று கருதிய வீட்டார் ஊற்றிவிட்டனர். தெளிவு பெற்றதும் பெருமானார், நான் தடுக்கவில்லையா என்று வினவினார்கள். அப்போது உடனிருந்த எல்லோருக்கும், அங்கு இல்லாதிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, அதே மருந்தை ஊற்றுமாறு பணித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் பதிவாகியுள்ளது இது. விலாவில் வரும் நோயென்று வீட்டார் தவறாகக் கணித்தே அம்மருந்தைக் கொடுத்தனர் என்று வேறு அறிவிப்புகள் தெரிவிக்கின்றன.

அன்பின் மிகுதியால்தான் அவர்கள் ஊற்றினார்கள், ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு இரண்டு இடங்களில் பிழைத்தது. நோயாளி தம் கருத்தைத் தெரிவித்திருந்தும் அதைக் கருத்தாகக் கொள்ளாமல் வெறும் அருவருப்பாகக் கொண்டது ஒன்று. நோய் இன்னதென்று சரியாக அறியாமலே மருந்தைத் தீர்மானித்தது மற்றொன்று. எல்லோருக்கும் அம்மருந்தை ஊற்றச் சொன்னதில், வலிந்து புகட்டப்படுவது எப்படியிருக்கும் என்பதை அவர்களே உணரட்டும் என்ற ஒரு பாடமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பூனையின் மறுப்பை மட்டும் மீறலாமா? மீறலாம், காரணம் உண்டு. அறிவுடையவர் ‘வேண்டாம்’ என்னும்போது, நோயையும் மருந்தையும் பின்விளைவையும் எண்ணி ஒரு முடிவைச் சொல்கிறார். பூனை திமிறும்போது மருந்தை மறுக்கவில்லை. மருந்து இன்னதென்றே அது அறியாது. தன்னைப் பிடித்திருக்கும் பிடியைத்தான் அது மறுக்கிறது. இன்றைய சிறு தொல்லையை நாளைய நிம்மதியோடு இணைத்துக் காணும் ஆற்றல் அதற்கு அளிக்கப்படவில்லை.

அதே சமயம், பூனை ஊமையும் அன்று. அது இரண்டு விதமாகப் பேசுகிறது. இரவெல்லாம் சொறியும்போது, ‘இத்துன்பத்திலிருந்து என்னை விடுவியுங்கள்’ என்கிறது. சீறும்போது, ‘என்னை அச்சுறுத்தாதீர்கள்’ என்கிறது. இரண்டும் உண்மையான முறையீடுகளே. பட்டினியாலும் வேலைப் பளுவாலும் வாடிய ஒட்டகம் ஒன்று பெருமானாரைக் கண்டதும் கண்ணீர் விட, அதன் முறையீட்டை அவர்கள் கேட்டு, உரிமையாளரைக் கடிந்த செய்தி அபூதாவூதில் உண்டு. முறையீட்டுக்கு மொழி தேவையில்லை என்பது அதில் நமக்குள்ள படிப்பினை. பூனையின் முதல் முறையீட்டுக்கு நாம் மருந்தால் விடை கூற வேண்டும்; இரண்டாவதற்கு மருந்திடும் முறையால் விடை கூற வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டோம் என்பதற்காக இரண்டாவதைக் கைவிடுவதற்கு நமக்கு அனுமதியில்லை.

கட்டாயத்துக்குள்ள நிபந்தனைகள்

அவ்வாறாயின் பூனையை வலிந்து பிடிக்கும் கைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு.

முதலாவது, தேவை மெய்யாக இருக்க வேண்டும். பேன்சீப்பால் உரோமத்தை வாரி, உதிரும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தால் போதும். செந்நிறம் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். கசியாவிட்டால் வெறும் அழுக்காக இருக்கலாம்.

இரண்டாவது, அறிவு வேண்டும். நல்ல எண்ணம் மட்டும் இருந்து அறிவு இல்லாதபோது கொலையே நிகழ்ந்துவிடும். நாய்களுக்கென்று விற்கப்படும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் இருக்கிறது. நாய் தாங்கும் அதைப் பூனை தாங்காது. அத்தகைய பொருள்களை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. நடுக்கமும் வலிப்பும் கண்டு இறந்துபோகக்கூடும். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு நஞ்சே. மண்ணெண்ணெய், ஃபினாயில், கற்பூரத் தைலம் முதலியவற்றைத் தடவும் கைவைத்தியங்களும் இவ்வாறே தீங்கு விளைப்பவை. 1990களின் நடுப்பகுதி முதல், பிடரியில் சில துளிகள் மட்டும் இடக்கூடிய மருந்துகள் வந்துவிட்டன. அவற்றையும் பூனையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்றவாறு கால்நடை மருத்துவரைக் கேட்டே இட வேண்டும். மருந்திடும் வயதை எட்டாத குட்டிகளுக்குப் பேன்சீப்பும் பொறுமையுமே மருந்து.

மூன்றாவது, பிடி மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நேரத்துக்கு இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் நன்முறையை இறைவன் விதித்துள்ளான் என்று கூறிய பெருமானார், அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் வேதனையைக் குறைக்கப் பணித்தார்கள். சாவுக்கே ஒரு முறை உண்டென்றால் சிகிச்சைக்கு இருக்காதா? பூனையைத் துரத்திப் பிடிக்கலாகாது; அது உண்டபின் அயர்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடுக்கலாம். மருந்தை முன்னரே திறந்து தயாராக வைத்துக்கொண்டு, துண்டால் மெல்லச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியுமாறு அணைத்துக்கொள்ளலாம். நாக்கு எட்டாத இடமாகிய பிடரியில் உரோமத்தை விலக்கித் தோலின்மேல் துளிகளை இட்டால் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். விட்டவுடன் அதற்குப் பிடித்தமான உணவை வைக்கலாம். மருந்து உலரும் வரை குழந்தைகளும் மற்றப் பூனைகளும் அவ்விடத்தைத் தீண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடிக்கும்போது அது பிறாண்டினால், அதற்காக அடிப்பது பெரும் அநீதி. தன்னைக் காத்துக்கொண்டதற்காக ஓர் உயிரைத் தண்டிக்க யாருக்கு உரிமை உண்டு?

நான்காவது நிபந்தனையைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கட்டாயப்படுத்துபவர் தம் பங்குச் சுமையைத் தாமும் ஏற்க வேண்டும். தெள்ளின் பெரும் பகுதி வீட்டில் இருக்கிறது என்று கண்டோம். விரிப்புகளை வெந்நீரில் துவைப்பதும், பாய் தலையணைகளை வெயிலில் உலர்த்துவதும், மூலை முடுக்குகளை நாள்தோறும் பெருக்குவதும் நம் வேலை. அதைச் செய்யச் சோம்பிவிட்டு, மாதந்தோறும் பூனையை மட்டும் அமுக்கிப் பிடிப்பவர், தம் கடமையின் பளுவையும் அதன் முதுகில் ஏற்றுகிறார். கட்டாயம் பூனைக்கும் சௌகரியம் நமக்கும் என்று ஆகிவிட்டால், அதற்குக் கருணை என்று பெயரில்லை.

பேசத் தெரிந்தவர்களிடம்

இவ்வளவும் பூனையைப் பற்றியது. ஆனால் ‘உன் நன்மைக்காகத்தான்’ என்ற சொல்லைப் பூனையிடமா நாம் அதிகமாகச் சொல்கிறோம்? மகளிடம் சொல்கிறோம், மகனிடம் சொல்கிறோம், முதுமையில் தளர்ந்த தாய் தந்தையரிடமும் சொல்கிறோம். பூனைக்கு எடுத்துச் சொல்ல முடியாது என்ற காரணத்தால் கிடைத்த அனுமதியை, எடுத்துச் சொல்லக்கூடியவர்களிடம் பயன்படுத்துவது அனுமதியைத் திருடுவதாகும்.

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற பெண்மணி முன்பே மணமானவர். அவருடைய தந்தை அவரது விருப்பத்துக்கு மாறாக மறுமணம் செய்து வைத்தார். அவர் பெருமானாரிடம் முறையிட்டார். அத்திருமணத்தை அண்ணலார் செல்லாதென்று தீர்த்தார்கள். தந்தை தம் மகளின் நன்மையைத்தான் எண்ணியிருப்பார். ஆயினும் பேசத் தெரிந்த ஒருவர் பேசிவிட்டபின், பிறருடைய நல்லெண்ணம் அதற்கு மேலான சான்றாகாது. மார்க்கத்திலேயே நிர்ப்பந்தம் இல்லை என்று 2:256ஆம் வசனம் கூறியிருக்க, நம் விருப்பு வெறுப்புகளை நிர்ப்பந்திக்க நாம் யார்?

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே கடினமான இடங்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊசி போட அழும் குழந்தை இருக்கிறது. நினைவு மங்கி, பெற்ற பிள்ளையையே அடையாளம் காணாமல், மாத்திரையைத் துப்பும் முதியவர் இருக்கிறார். இவர்கள் பூனையும் அல்லர்; முழுமையாக எண்ணி முடிவெடுக்கும் நிலையிலும் இல்லை. இங்கே விதி ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்ல வேண்டும். எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவு கேட்க வேண்டும். அதற்குப் பின்னும் வலிமை தேவைப்பட்டால், மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளும் அங்கே பன்மடங்கு இறுக்கத்தோடு வந்து நிற்கும். நேற்று இருந்த மன நிலையை வைத்து இன்றும் தீர்ப்பளித்துவிடலாகாது. தெளிவு வரும் நேரங்களில் அந்த முதியவரிடம் மீண்டும் கேட்க வேண்டும். துணைவராகவும் பெற்றோராகவும் பிள்ளையாகவும் நாம் பெற்றிருக்கும் அதிகாரம், பிறர் பேசும் வரைதான் நம்மிடம் தங்கும் கடன். அவர்கள் பேசியதும் திருப்பித் தரவேண்டியது.

மருந்திட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ பூனை மீண்டும் வந்து காலில் உரசும். அது நம்மை மன்னித்ததா, மறந்ததா என்பதை நாம் அறிய வழியில்லை. அது நன்றி சொல்லப் போவதும் இல்லை. நன்றியும் இல்லாமல், விளக்கிச் சொல்லும் வாய்ப்பும் இல்லாமல், ஓர் உயிருக்கு நன்மை செய்ய நேர்வது உள்ளத்துக்கு நல்ல பயிற்சி. நம் கையின் வலிமையை அளந்து பயன்படுத்தவும், பேசுகிறவர்களின் குரலைச் செவிமடுக்கவும், பேசாதவற்றின் துயரை உணரவும் வல்ல இறைவன் நம் எல்லோருக்கும் அருள்புரிவானாக!